வராத அமைச்சர் திறந்த சாலை

நிகழ்ந்ததைச் சொல்வதற்கு முன், அது நிகழும்வரை நான் என்ன நிலையில் இருந்தேன் என்பதைச் சொல்லிவிடுவது முறை. கோடைக்கானலில் வாழ்ந்த பட்டதாரித் தமிழர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடக்கூடிய நாட்களில் நான் அவர்களுள் ஒருவன். மதுரையில் வரலாறு படித்தவன். சமவெளியின் பெருநிலக்காரர்கள் ஏழு பேருடைய கோடைப் பங்களாக்களின் சாவிகள் என் மேசை இழுப்பறையில் இருந்தன. அவர்கள் ஆண்டுக்கு ஆறு வாரம் மலையில் வாழ்ந்தார்கள். மீதிக் காலம் முழுவதும் அவர்களுடைய நாற்காலிகளையும் மான்கொம்புகளையும் பேரிக்காய் மரங்களையும் நான் காத்தேன். நீதிமன்றத்தில் மூன்று முறை சாட்சி சொல்லியிருக்கிறேன். மூன்று முறையும் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேள்வி இல்லை என்று அமர்ந்தார். இவற்றோடு, மதுரையில் அச்சான ஒரு நாளிதழுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் நானே கோடைக்கானல் நிருபர். ஊதியம் கேட்டதில்லை. அவர்கள் அனுப்பும் ஒரு பிரதியும், என் பெயரை அச்சிடாமல் 'நமது நிருபர்' என்று போடும் நாகரிகமும் எனக்குப் போதுமானவையாக இருந்தன.

அரசியலில் நான் பழமையை விரும்புகிறவன் என்பார்கள். அதை நான் மறுத்ததில்லை. ஒரு பாலம் நூறு ஆண்டுகள் நின்றிருந்தால், அதை இடிக்க வருகிறவர்தாம் காரணம் சொல்ல வேண்டும். பாலம் சொல்லத் தேவையில்லை. என் கட்சி இவ்வளவுதான், அதற்குக் கொடி கிடையாது. ஆண்டுகொண்டிருந்தவர்களுக்கே வாக்களித்து வந்தேன். அவர்களுடைய குறைகள் எனக்குப் பழகியிருந்தன; புதியவர்களுடைய குறைகளைப் புதிதாகப் பழகிக்கொள்ளும் வயதை நான் கடந்திருந்தேன். புதிதாக வளர்ந்துவந்த கட்சியினர் அழகாகப் பேசினார்கள். அழகாகப் பேசுவதற்கு வாயை நெடுநேரம் திறந்து வைத்திருக்க வேண்டும். எங்கள் ஊர்க் குளிரில் அது கடினம். அதனால்தானோ என்னவோ, அந்தக் கட்சி மலைக்குச் சற்றுத் தாமதமாகவே வந்து சேர்ந்தது.

எல்லாமே தாமதமாகத்தான் வந்தன. செய்தி என்பது அந்நாட்களில் கீழே விளைந்து மேலே ஏறுகின்ற பொருள். அதிகாலையில் மதுரையில் சூடாகப் புறப்பட்டு, வத்தலக்குண்டில் வெயில் காய்ந்து, வளைவுகளில் வயிறு கலங்கி, பெருமாள்மலை அருகே குளிர் பிடித்து, பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் கைக்கு வரும்போது அதன் கோபம் தணிந்திருக்கும். சென்னையில் ஓர் அமைச்சர் பதவி விலகினார் என்று நாங்கள் படித்து வருந்தும் வேளையில், அவர் விலகலைத் திரும்பப் பெற்றுக்கொண்டு சிற்றுண்டி அருந்திக்கொண்டிருப்பார். நான் பத்திரிகையை ஏதேனும் ஒரு பங்களாவின் கண்ணாடி அறையில் அமர்ந்து படிப்பேன். மேகம் கண்ணாடிக்கு வெளியே வந்து நிற்கும். சில நாட்களில் கதவிடுக்கில் நுழைந்து தாளின் ஓரத்தை நனைக்கும். சட்டசபையில் யார் யாரை நோக்கி என்ன கூச்சலிட்டார் என்ற பத்தி, மறுபக்கத்துப் பட்டுப்புடவை விளம்பரத்தோடு கலந்து தெரியும். வரிச்சண்டையும் மொழிச்சண்டையும் முந்தானைக் கரையும் ஒன்றாகத் தெரிகிற அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே கண்ணயர்ந்த மாலைகள் உண்டு. விழிக்கும்போது வெளியே ஏரி இருந்த இடத்தில் வெண்மை மட்டும் இருக்கும். நாடு அந்த வெண்மைக்கு அப்பால் எங்கோ நடந்துகொண்டிருக்கிறது, நான் அதற்குக் கட்டுப்பட்டவன் அல்லன் என்று தோன்றும்.

மேலிருந்து கீழே செல்லும் செய்திக்கும் அதே பேருந்துதான். காலை எட்டரை மணி வண்டியின் நடத்துநரிடம் உறையைக் கொடுத்தால் பிற்பகலில் மதுரையில் சேர்ப்பித்துவிடுவார். மறுநாள் காலைத் தாளில் செய்தி வந்துவிடும். அந்த வண்டியைத் தவறவிட்டால் ஒரு நாள் பிந்தும். அதற்குள் திண்டுக்கல் நிருபர் யாரிடமோ கேட்டு எழுதிவிடுவார். ஆனால் மலையில் எந்த விழாவும் பத்து மணிக்கு முன் தொடங்குவதில்லை. ஆகவே மலை நிருபர்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. விழாவை முதலிலேயே எழுதி அனுப்பிவிடுவோம். யார் தலைமை, யார் வரவேற்புரை, எத்தனை பேர் கூடினார்கள் எல்லாம் அழைப்பிதழிலிருந்தும் அனுபவத்திலிருந்தும் தெரியும். கரவொலி 'பலத்த' கரவொலியாகவே இருக்கும். ஏதேனும் மாறினால் மாலை நான்கு மணிக்குள் தந்தி அடிக்க வேண்டும் என்பது விதி. பன்னிரண்டு ஆண்டுகளில் நான் ஒரு முறைதான் தந்தி அடித்தேன். மலர்க்காட்சியில் 'இளவெயில் தவழ்ந்தது' என்று எழுதியிருந்தேன், ஆலங்கட்டி பெய்துவிட்டது. மற்றபடி நிகழ்ச்சிகள் என் எழுத்துக்கு அடங்கியே நடந்தன. இதில் எனக்குச் சிறிது கர்வம் இருந்ததையும் மறைக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு கார்த்திகை மாதம். மேல்மலைக் கிராமங்களுக்குச் செல்லும் புதிய சாலைத் துண்டு ஒன்று போட்டு முடிக்கப்பட்டிருந்தது. அதுவரை மன்னவனூர், போளூர் பக்கத்து உழவர்கள் உருளைக்கிழங்கையும் வெள்ளைப்பூண்டையும் பொதிக்குதிரைகளில் ஏற்றிக்கொண்டு சேற்றில் இறங்கி வந்தார்கள். சாலை முடிந்துவிட்டது, லாரி போகலாம். ஆனால் போகக் கூடாது. சாலையின் தலைப்பில் ஒரு யூக்கலிப்டஸ் மரத்தைக் குறுக்கே கட்டித் தடைபோட்டிருந்தார்கள். அமைச்சர் வந்து திறக்காமல் ஒரு சாலை சாலையாகாது. அவர் மூன்று முறை தேதி கொடுத்தார், மூன்று முறை தள்ளி வைத்தார். சென்னையில் எதற்கோ அவர் தேவைப்பட்டார். அதற்குள் மேல்மலையில் கிழங்கு தோண்டியாயிற்று. வயல் ஓரங்களில் வைக்கோல் மூடிய குவியல்களில் அது கிடந்தது. மழை ஓயவில்லை. அடிக்கிழங்கு கறுக்கத் தொடங்கியிருந்தது.

முறைப்படிதான் எல்லாம் நடக்க வேண்டும் என்று சொல்லி வந்தவன் நான். அந்தத் தடையைப் பற்றி யாராவது என்னிடம் முறையிட்டால், அரசாங்கத்துக்கு ஒரு நடைமுறை உண்டு என்பேன். போளூர் நாட்டாண்மைக்காரர் ஒரு முறை கேட்டார்:

"அந்த நடைமுறைக்குக் கெழங்கு அழுகுறது தெரியுங்களா ஐயா?"

நான்காவது தேதி உறுதியாயிற்று. அன்று அதிகாலையிலேயே எழுதி முடித்தேன். 'மேல்மலை மக்களின் நெடுநாள் கனவு நேற்று நனவாயிற்று. கனம் மந்திரி அவர்கள் காலை பத்தரை மணியளவில் பட்டு நாடாவைத் துண்டித்துப் புதிய சாலையைத் திறந்து வைத்தார்.' அவர் ஆற்றப்போகும் உரையின் சுருக்கம் இரண்டு நாள் முன்பே தட்டச்சில் வந்திருந்தது, அதையும் சேர்த்தேன். உறையை நடத்துநரிடம் கொடுத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, ஊருக்கு மேற்கே மூன்று மைல் நடந்தேன்.

அந்தக் காலையைப் போன்ற ஒரு மூடுபனியை நான் பின்பு கண்டதில்லை. சவுக்குக் கிளைகளாலும் பெரணி இலைகளாலும் கட்டிய வளைவு ஐந்து அடி தொலைவில்தான் தெரிந்தது. அதற்கு அப்பால் குரல்கள் மட்டும். பழனியிலிருந்து வரவழைத்த நாதஸ்வரம் எங்கோ வாசித்தது. எந்தத் திசையென்று சொல்ல முடியவில்லை. ஒரு குதிரையின் முகம் என் தோளருகே தோன்றி, என்னைப் பார்த்துவிட்டு, மறைந்தது. குடை பிடித்தவர்கள் குடைகளாகவே வந்து போனார்கள். முன்னால் போய் முண்டியடிப்பது என் நிலைக்கு ஒவ்வாது என்பதால் நான் பின்னால், ஒரு மரத்தடியில் நின்றேன். இலைகளிலிருந்து சொட்டுகள் என் தொப்பியில் விழுந்துகொண்டிருந்தன. ஒரு மணி நேரமோ இரண்டோ தெரியாது. நின்றபடியே நான் கண்ணை மூடியிருக்கவும் கூடும்.

பிறகு ஒரு கார் ஹாரன் கேட்டது. உடனே கைதட்டல், பலத்த கைதட்டல். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போயிற்று. யாரோ ஏதோ சொன்னார்கள். சிறிது நேரத்தில் கார் திரும்பிப் போகும் ஓசையும் கேட்டது. அமைச்சர்கள் இப்படி அவசரமாகத்தான் வருவார்கள். நான் எழுதியதற்கும் நடந்ததற்கும் ஒரு சொல்கூட வேறுபாடில்லை என்ற நிறைவோடு வீடு திரும்பினேன். நாலு மணித் தந்தியைப் பற்றிய நினைவே வரவில்லை.

மறுநாள் மூன்று மணிக்குப் பேருந்து நிலையத்தில் தாள் வந்தது. போளூர் நாட்டாண்மைக்காரர் அங்கே நின்றிருந்தார். படிக்கத் தெரியாதவர், ஆனால் ஒரு தாளை நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொள்ளும் தோரணை தெரிந்தவர். சாலையைப் பற்றி வந்திருக்கிறதா என்று கேட்டார். நான் படித்துக் காட்டினேன், சற்று உரக்கவே. 'பட்டு நாடாவைத் துண்டித்து' என்ற இடத்தில் அவர் என் கையைத் தொட்டார்.

"ஐயா, கொஞ்சம் நிறுத்துங்க. மந்திரி எங்கிட்டு வந்தாரு?"

"நேற்றுத்தானே வந்தார்."

"வரலைங்களே. நான் முன்னால, நாடாவுக்குப் பக்கத்துலதான நின்னேன். வந்தது அவரு ஆளு. பாதி வழியில பனி கண்ணை மறைக்குது, வண்டி போகாதுன்னு மந்திரி திரும்பிட்டாருன்னு சொல்லிட்டு அந்த ஆளும் போயிட்டாரு."

"கை தட்டினார்களே?"

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைகதாங்க. ஹாரன் கேட்டா தட்டணும்னு வாத்தியாரு சொல்லி வச்சிருந்தாரு. தட்டுச்சுக. பாவம், குளிருக்கு நல்லதுன்னு நாங்களும் தட்டுனோம்."

என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நாட்டாண்மைக்காரர் என்னைப் பார்க்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மெல்லக் கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது.

"ஆனா, அச்சுல வந்திருச்சே ஐயா. அப்ப தெறந்தாச்சுன்னுதான அர்த்தம்?"

நான் பதில் சொல்லும் முன் அவர் மேலும் மூன்று பிரதிகள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலையே திருத்தம் எழுதினேன். நான்கு வரி. 'கனம் மந்திரி அவர்கள் மூடுபனி காரணமாக விழாவுக்கு வர இயலவில்லை. சாலை திறக்கப்படவில்லை. தவற்றுக்கு வருந்துகிறோம்.' வருந்துகிறோம் என்ற பன்மை எனக்கு உறுத்தியது. வருந்தியவன் நான் ஒருவனே. பன்னிரண்டு ஆண்டுகளில் என் பெயர் இல்லாத என் சொற்களை ஊர் நம்பியது. அந்த நம்பிக்கை போய்விட்டால் என்னிடம் ஏழு வீட்டுச் சாவிகள் மட்டுமே மிஞ்சும். மதுரையில் எனக்குத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அதையெல்லாம் தாங்கிக்கொள்வதென்று முடிவு செய்து, உறையை ஒட்டிக் கோட்டின் உட்பையில் வைத்தேன்.

காலையில் பேருந்துக்குப் போகும் முன் சாலைப்பணி ஓவர்சியரிடம் நேரில் சொல்லிவிடுவது மரியாதை என்று தோன்றியது. தடையைக் காத்தவர் அவர்தான். அமைதியான மனிதர், இரண்டு பெண்களுக்குத் தந்தை. வெள்ளனே கிளம்பி நடந்தேன். பனி அன்று தரையோடு படுத்திருந்தது. மரங்கள் இடுப்புக்கு மேல் மட்டும் இருந்தன. சாலைத் தலைப்பை நெருங்கும்போதே குரல்கள். தடைக்கு இந்தப் பக்கம் ஒட்டன்சத்திரத்து மண்டியிலிருந்து வந்த லாரி ஒன்று, விளக்குகள் எரிய நின்றது. அந்தப் பக்கம் மேல்மலை ஆட்கள் ஐம்பது அறுபது பேர், கம்பளி போர்த்தி. இடையில் ஓவர்சியர். அவர் கையில் என் நாளிதழ்.

"தெறந்தாச்சுன்னு போட்டிருக்குல்ல? பெறகு எதுக்குய்யா கட்டய வச்சுக்கிட்டு நிக்கிறீரு?" என்று ஒருவன் கத்தினான்.

"போட்டிருக்கு. ஆனா மந்திரி வரலைன்னு எனக்கும் தெரியும், உமக்கும் தெரியும்."

"உங்க பெரிய எஞ்சினீயருக்குத் தெரியுமா? அவரு கீழ, திண்டுக்கல்லுல. அவரு பேப்பர்தான படிப்பாரு?" இது நாட்டாண்மைக்காரர். "மந்திரி தெறந்த ரோட்டை நீரு அடைச்சு வச்சிருக்கீருன்னு அவருக்கு ஒரு கார்டு போட்டா என்ன ஆகும்?"

லாரி ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். "ஏலே, வெரசா முடிங்கப்பா. டீசலு தீருது. அடைக்கிறதுன்னா அடைங்க, தெறக்கிறதுன்னா தெறங்க. எனக்குச் சோலி கெடக்கு."

அப்போது ஓவர்சியர் என்னைக் கண்டார். கூட்டம் விலகிற்று. அவர் என் அருகே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஐயா, நான் இதைத் தெறந்துவிட்டுருவேன். பேப்பர் பாத்துத் தெறந்தேன்னு சொல்லிக்கலாம். ஆனா நாளைக்கே நீங்க 'இல்ல, தப்பு'ன்னு எழுதிட்டா, தெறக்காத ரோட்டைத் தெறந்தவன் நான்னு ஆயிரும். என் வேலை போயிரும். எழுதுவீங்களா?"

உறை என் நெஞ்சின் மேல் இருந்தது. நாட்டாண்மைக்காரர் எங்களுக்கு நடுவில் வந்து நின்றார். அவர் கையில் ஒரு கிழங்கு. அதைத் தன் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று.

"எட்டு நாளு, ஐயா. மழை விட்டா எட்டே நாளு. அம்புட்டையும் எறக்கிருவோம்."

நீதிமன்றத்தில் என்றால் நீதிபதி பதில் சொல்லுங்கள் என்றிருப்பார். அங்கே நீதிபதி இல்லை, பனி இருந்தது. திரும்பி, வந்த வழியே நடந்தேன். நூறு அடி போயிருப்பேன். பின்னால் யூக்கலிப்டஸ் மரம் முனகிக்கொண்டு எழும் ஓசை கேட்டது. அதன் பின் லாரி முதல் கியரில் உறுமி மேலே ஏறும் ஓசை. யாரும் கை தட்டவில்லை.

பேருந்து நிலையத்தில் நடத்துநர் வழக்கம்போல் கை நீட்டினார்.

"கவர் இல்லீங்களா ஐயா?"

"இன்று செய்தி ஒன்றும் இல்லை."

அந்த வாரம் முழுவதும் எனக்குத் தூக்கம் போன்ற ஒரு விழிப்பு. காலையில் லாரிகள் ஊருக்குள் இறங்கும். மேலே மூட்டைகள், மூட்டைகளுக்கு மேல் ஈரக் கம்பளியில் ஆட்கள்; வண்டி மூடுபனிக்குள்ளிருந்து மெல்ல உருவாகி, என் வாசலைக் கடந்து, மீண்டும் பனியாகிப் போகும். போன பின் மண்வாசனை மட்டும் சிறிது நேரம் நிற்கும். கண்ணாடி அறையில் நாளிதழை விரித்தால் எழுத்து ஓடாது. சட்டசபையில் யாரோ யாரையோ பொய்யர் என்றார். அவைக்குறிப்பிலிருந்து அச்சொல் நீக்கப்பட்டது. முன்பெல்லாம் அதைப் படித்து ஒரு புன்னகையோடு மடித்து வைத்திருப்பேன். அந்த வாரம் அவ்வளவு எளிதாகப் புன்னகைக்க முடியவில்லை. சொன்னதை நீக்கிக்கொள்ள அவர்களுக்கு அவைக்குறிப்பு இருந்தது.

கடைத்தெருவில் தையற்காரர் ஒருவர் இருந்தார். புதிய கட்சியின் எங்களூர்க் கிளைக்கு அவரே எல்லாம். கொடிக்கம்பம் நட்டவரும் அவர், வாரம் ஒரு முறை அதன் கீழ் நின்று அரசாங்கத்தைக் கிழிப்பவரும் அவர். என் கோட்டுகளையும் அவர்தான் தைத்தார். எங்களுக்குள் நல்ல பேச்சுப் பழக்கம் உண்டு. கருத்து ஒற்றுமை கிடையாது. நான்காம் நாள் டீக்கடை வாசலைக் கடக்கும்போது உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

"ஏலே, ஐயா வாராக, பெஞ்சத் தொடச்சு விடு. வராத மந்திரிய வரவச்ச கை அது."

கடையில் சிரிப்பு. நான் உள்ளே போய் அமர்ந்தேன். ஓடுவது அதைவிடக் கேவலம்.

"மேடை போட்டுப் பேச வேண்டியதுதானே? உங்கள் கட்சிக்கு நல்ல விருந்து இது. ஆளுங்கட்சிக்காக ஒரு பட்டதாரி பொய் எழுதினான் என்று" என்றேன்.

தையற்காரர் டீயை ஆற்றினார். சிரிப்பு அடங்கியிருந்தது.

"பேசணும்தான் ஐயா. நோட்டீசுகூட எழுதிட்டேன். எங்க அக்காவ மன்னவனூர்லதான குடுத்திருக்கு. அவுக கெழங்கும் அதே லாரியிலதான் எறங்குது. நான் பேசுனா கட்டையப் போட்டுருவாங்க. கெழங்கு எறங்கட்டும், பெறகு உங்களக் கிழிக்கிறேன். வருத்தப்படாதீங்க."

"வருந்தமாட்டேன்."

"சரிங்க. அந்தக் கோட்டுக்குக் காலரு மாத்தணும், நாளைக்குக் குடுங்க. உள்பையில என்னமோ கனமா இருக்கே, எடுத்துட்டுக் குடுங்க."

நாங்கள் இருவரும் ஒரே கருத்தில் ஒன்றுபட்டு வாய்மூடியிருந்தது அந்த ஒரு வாரம்தான்.

ஆறாம் நாள் வீட்டு வாசலில் ஒரு மூட்டை கிடந்தது. யார் வைத்தது என்று கேட்க வேண்டியதில்லை. அதைத் திருப்பி அனுப்ப ஆள் தேடப் போனேன். திரும்பி வருவதற்குள் மூட்டையின் வாய் அவிழ்ந்திருந்தது, சமையலறையில் பொரியல் மணந்தது. பழனியில் கோயில் ஊழியக் குடும்பத்தில் பிறந்தவர் என் மனைவி. வாசலுக்கு வந்ததை மறுத்துப் பழக்கமில்லாதவர்.

"இது என்ன தெரியுமா? இதை உண்டால் என் பெயர் என்னாகும் தெரியுமா?" என்றேன்.

"கெழங்குக்கு என்ன கட்சிங்க? உக்காருங்க, ஆறிப் போகுது."

உண்டேன். மூட்டையைக் குறையோடு திருப்பி அனுப்பினேன். புதுக்கிழங்குக்கு ஒரு மெல்லிய இனிப்பு உண்டு. அதை நான் உணரவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகும்.

எட்டாம் நாள் மாலை நாட்டாண்மைக்காரர் வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"நாளைக்கு ஒரு லோடு. அதோட முடிஞ்சிரும் ஐயா. நீங்க உங்க சோலியப் பாருங்க."

ஒன்பதாம் நாள், கடைசி லாரி மேலேயிருந்து வந்து வத்தலக்குண்டுப் பாதையில் திரும்பிய பிறகு, நிலையத்துக்கு நடந்து உறையைக் கொடுத்தேன். ஈரத்தில் அதன் முனைகள் மென்மையாகியிருந்தன. அதனோடு ஆசிரியருக்கு ஒரு தனிக்கடிதமும் இருந்தது: வழக்கப்படி முன்கூட்டி எழுதியதையும், மறுநாளே தவறு தெரிந்ததையும், இத்தனை நாள் தெரிந்தே வாளாவிருந்ததையும், வேலை போவதானால் அது ஓவர்சியருடையதாக இருக்கலாகாது என்பதையும் எழுதி, நிருபர் பொறுப்பிலிருந்து விலகுவதாக முடித்திருந்தேன். வாளாவிருந்ததன் காரணத்தை எழுதவில்லை. காரணம் சொன்னால் அது கெஞ்சலாகிவிடும்.

திருத்தம் மூன்றாம் பக்கத்தில், மஞ்சள் விலைக்கும் ரயில் நேர மாற்றத்துக்கும் இடையே வந்தது. நான் அறிந்தவரை அதை ஊரில் படித்தவர்கள் மூவர்: நான், தையற்காரர், ஓவர்சியர். ஓவர்சியர் ஒரு வாரம் உணவு இறங்காமல் இருந்தார். பிறகு பெரிய எஞ்சினீயர் ஜீப்பில் வந்தார். சாலை முழுவதும் போய்ப் பார்த்தார். லாரிச் சக்கரங்கள் பதித்த பள்ளங்களை நிரப்பச் சொன்னார். திறப்பைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. ஏனெனில் அதற்குள் அமைச்சர் சென்னையில் ஒரு கூட்டத்தில், தாம் அந்த ஆண்டு திறந்த சாலைகளின் பட்டியலில் எங்கள் சாலையையும் சேர்த்துப் படித்திருந்தார். பத்திரிகைச் செய்தியை அவருடைய செயலாளர் வெட்டி ஒட்டி வைத்திருந்தார் போலும். அமைச்சரே திறந்தேன் என்று சொன்ன சாலையை மூட எந்த எஞ்சினீயருக்குத் துணிவு வரும்? திருத்தத்துக்கு அரசாங்கத்தில் இடமில்லை. அது மூன்றாம் பக்கத்தோடு முடிந்துபோயிற்று.

தையற்காரர் வாக்குத் தவறாமல் என்னைக் கொடிக்கம்பத்தின் கீழ் கிழித்தார். காலர் மாற்றிய கோட்டை அணிந்துகொண்டு நான் சிறிது தொலைவில் நின்று கேட்டேன். நன்றாகவே பேசினார். சில ஆண்டுகளுக்குப் பின் அவருடைய கட்சி ஆட்சிக்கு வந்தது. அவர்களுடைய அமைச்சர்களும் சாலைகளைத் திறந்தார்கள். அந்தச் சாலைகளின் குறுக்கேயும், அவர்கள் வரும்வரை, மரங்கள் கட்டப்பட்டிருந்தன. தையற்காரரிடம் ஒரு முறை அதைச் சுட்டிக்காட்டினேன். நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "அது வேற, இது வேற ஐயா" என்றார். அளவு நாடா அவர் கழுத்தில் தொங்கியது.

இப்போது எல்லாம் மூடுபனிக்குள் போன மாதிரிதான். நாதஸ்வரம், குதிரையின் முகம், தடை எழும் முனகல். இவற்றை நான் கண்டதா எழுதியதா என்று சில விடியற்காலைகளில் எனக்கே ஐயம் வருகிறது. ஆனால் ஊரில் மூன்று விதமாகப் பேசிவருகிறார்கள். அவற்றில் எனக்கு ஐயம் இல்லை. அமைச்சர் வந்து திறந்ததைக் கண்ணால் பார்த்ததாகப் பழைய கட்சியின் இரண்டு பேர் இன்றும் சத்தியம் செய்கிறார்கள். அந்தச் செய்திக்காக ஆளுங்கட்சி என்னைக் கவனித்துக்கொண்டது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். மேல்மலைக்காரர்களோ, கிழங்கு அழுகுவதைப் பொறுக்காமல் நான் திட்டமிட்டே அப்படி எழுதினேன் என்று பெருமையாகச் சொல்லி வருகிறார்கள். அண்மையில் ஒரு கல்யாண வீட்டில் எனக்கு மாலைகூட இட்டார்கள்.

மூன்றும் தவறு. அமைச்சர் அந்தச் சாலைக்கு அன்று வரவில்லை; பின்னரும் வரவில்லை. எந்தக் கட்சியும் எனக்கு எதையும் தரவில்லை. மேல்மலை மக்களுக்காக நான் அந்தச் செய்தியை எழுதவில்லை. பேருந்து எட்டரை மணிக்குப் புறப்படும் என்பதால் எழுதினேன். தெரிந்து செய்தது, திருத்தத்தை ஒன்பது நாள் அனுப்பாமல் வைத்திருந்தது மட்டும்தான்.